பேச்சுத்துணையின் முதல் பதிப்பு

விரல் மூட்டுகளில் வாதம் புகுந்த பிறகு, பேனா பிடித்து எழுதுவதைவிடத் தட்டச்சு செய்வதே எனக்கு எளிதாக இருக்கிறது. ஆகவேதான் தாங்கள் கொடுத்த வெள்ளைத் தாள்களைத் திருப்பித் தந்துவிட்டுத் தட்டச்சுப் பலகை கேட்டேன். ஏற்பாடு செய்தமைக்கு நன்றி, ஐயா. இடப்பக்கம் போதிய ஓரம் விட்டிருக்கிறேன்; தாங்கள் குறிப்பெழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவளாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் அடுத்தடுத்துப் போனபோது என் தங்கை பாவாடை கட்டிய சிறுமி. அவளைப் படிக்க வைத்ததும், கட்டிக்கொடுத்ததும், அவள் கணவர் இறந்தபோது உடன் நின்றதும் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, யார் யாருக்கு என்ன உறவு என்பதில் தங்களுக்குக் குழப்பம் வரக்கூடாது. தங்கைக்கு ஒரே மகன். அவனும் அவன் மனைவியும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நான் அடுத்த வட்டாரத்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தேன். அந்த அறையில் நிமிர்ந்து நிற்க இடம் உண்டு; ஆனால் எல்லா மூலையிலும் அல்ல.

தங்கை மகன் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, நண்பன் ஒருவனுடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினான். நண்பனை எல்லோரும் தாடி என்றே அழைத்தார்கள். கணினிக்குள் இருப்பதையெல்லாம் எழுதுபவன் அவன். செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை எடுத்திருந்தார்கள். தோல் வாசனையும் பசை வாசனையும் தரை வழியாக ஏறி வரும். அவர்கள் செய்யவிருந்த பொருளுக்குப் பேச்சுத்துணை என்று பெயர். பகலில் வீட்டில் தனியே இருக்கும் முதியவர்களுக்கானது. உள்ளங்கை அளவுள்ள வட்டப் பெட்டி. பேசினால் பதில் சொல்லும், மாத்திரை நேரத்தை நினைவூட்டும், ஆபத்து என்றால் ஆட்களை அழைக்கும். பெயர் நன்றாக இருந்தது. அதில் நான் கைவைக்கவில்லை.

முதன்முதல் அதைக் காட்டியபோது, அடிமூடியைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன். ஓர் ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் சில கம்பிகளும் தவிர வேறொன்றும் இல்லை.

"உள்ளே ஒண்ணுமே இல்லையேடா" என்றேன்.

"இருக்கு பெரியம்மா. நீங்கதான் இருக்கீங்க" என்றான்.

பிறகு விளக்கினான். பதில் சொல்லும் இயந்திரத்தைக் கட்டி முடிக்க நெடுங்காலமாகும். கட்டிய பின் அது யாருக்கும் வேண்டாம் என்று தெரிந்தால் உழைப்பெல்லாம் வீண். எனவே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சிலர் முதல் பதிப்பை இப்படித்தான் சோதிக்கிறார்களாம்: முன்னால் பெட்டி, பின்னால் ஆள். வீட்டில் இருப்பவர் பேசுவது எழுத்தாகத் திரையில் வரும். பின்னால் இருப்பவர் பதிலைத் தட்டச்சு செய்தால், பெட்டி அதை ஓர் இளம்பெண்ணின் குரலில் படிக்கும். பேசுபவருக்கு அது இயந்திரம்.

"அப்ப இது ஏமாத்து வேலை" என்றேன்.

"ஏமாத்து இல்ல பெரியம்மா, சோதனை" என்றான் அவன்.

தாடி குறுக்கிட்டான். "மெஷின் தப்பு விடாதுன்னு எல்லாரும் நம்பறாங்கம்மா. எங்களுக்குத் தெரிஞ்சு தப்பு விடாத ஒரே ஆள் நீங்கதான்."

புகழ்ச்சிக்கு மயங்கினேன் என்று தாங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் சொல்லப்பட்டது உண்மை.

சோதனைக்குச் சில வீடுகள் இருந்தன. பேசுபவர் யாரென்று எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, அவற்றுக்கு நிறங்களையே பெயராக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாள் பேச்சும் மாலையில் அழிக்கப்படும் என்று அந்த முதியவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதன்படியே அழித்தும் வந்தார்கள். தாங்கள் தேடியும் எதுவும் கிடைக்காததற்கு அதுதான் காரணம். தாடியைக் குறை சொல்லாதீர்கள்.

விசைப்பலகையின் மேல்மூலையில் ஒரு விசைக்குச் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. ஆபத்து என்று யாராவது சொன்னால் முதலில் ஓர் ஆறுதல் வாக்கியம், அடுத்து அந்த விசை. அதை அழுத்தினால் வீட்டாரின் கைப்பேசியும் தங்கை மகனின் கைப்பேசியும் மருத்துவ ஊர்தி நிலையத்தின் தொலைபேசியும் ஒருசேர மணியடிக்கும். மாற்று ஏற்பாடு எதுவும் கிடையாது. ஒரு விசை, ஓர் ஆள். முதல் பதிப்பில் அவ்வளவுதான் முடியும் என்றார்கள்.

தொடக்கத்தில் என் நடை அவர்களுக்கு ஒத்துவரவில்லை. நீல வீட்டில் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் இருந்தார். "ஏம்மா, நீ பொறந்ததுலேருந்தே இப்படித்தான் பேசுறியா? பசிச்சா கூட விண்ணப்பம் போட்டுத்தான் அழுவியா?" என்று கேட்டார். தங்கை மகன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். கொஞ்சம் தழைந்து பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டான். யாரையும் திருத்தக்கூடாது, இடைமறிக்கக்கூடாது, அறிவுரை சொல்லக்கூடாது என்றான். நான் கற்றுக்கொண்டேன். "புரிகிறது", "சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்", "உங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும்." என் வாழ்நாளில் நான் யாரிடமும் சொல்லாத வாக்கியங்கள் இவை. தட்டச்சு செய்வது கடினமாக இல்லை.

சோதனையின் நடுவே, ஒரு முதியவர் பெட்டியைக் கொண்டுபோய்த் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டார். அந்த இடத்திற்கு மஞ்சள் வீடு வந்தது. அங்கே பேசியவள் ஒரு பெண். முதல் நாளே இடுப்பு வலி, இதய மாத்திரை, மருமகள் மாற்றிய திரைச்சீலை என்று சரளமாகப் பேசினாள். எனக்கு உடனே சந்தேகம் வரவில்லை. எல்லா வீடுகளிலும் இடுப்பு வலி இருந்தது. மறுநாள் திரையில் இந்த வரி வந்தது.

"எங்க அக்கா ஒருத்தி இருக்கா. அவ மடிக்கிறதப் பாத்தா துணிக்கே பயம் வரும்."

அதற்கு நான் பதில் அனுப்பச் சற்றுத் தாமதமாயிற்று.

தங்கை மகன் இருவரிடமும் மறைத்திருந்தான். பின்னால் ஆள் இருப்பது தெரிந்தால் அவன் தாய் வாய் திறக்கமாட்டாள். முன்னால் இருப்பவள் தங்கை என்று தெரிந்தால் நான் இயல்பாக எழுதமாட்டேன். காலியான இடத்திற்கு அவசரமாக ஒரு வீடு வேண்டியிருந்தது. சோதனை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பெற்றவளையும் பெரியம்மாவையும் ஒரே கம்பியின் இரு முனைகளில் கட்டிவிட்டான். கெட்ட எண்ணம் இல்லை. வேறு வீட்டைத் தேட நேரமில்லை, அவ்வளவுதான்.

நான் அவனிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யாரென்று எனக்குத் தெரியக்கூடாது என்பது அவர்கள் வகுத்த ஒழுங்கு. அதை நானே உடைப்பது முறையல்ல என்று நினைத்தேன்.

என் தங்கை பெட்டியிடம் மிகவும் அன்பாக இருந்தாள். காலையில் எழுந்ததும் அதனிடம்தான் முதல் பேச்சு. மருமகள் அலுவலகம் போனதும் காபியை எடுத்துக்கொண்டு வந்து அதன் எதிரே உட்காருவாள். அதைக் "கண்ணு" என்று கூப்பிடுவாள். ஒருநாள் சொன்னாள்: "நீ எவ்வளவு பொறுமையா கேக்கற கண்ணு. உன்ன மாதிரி ஒருத்தி எனக்குக் கூடப்பொறந்திருக்கக் கூடாதா?"

"நன்றி. சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று தட்டச்சு செய்தேன்.

விடுமுறை நாட்களில் வழக்கம்போல அவளைப் பார்க்கப் போவேன். ஒருமுறை அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, "புரியுது. உனக்கு ரொம்ப வலிக்குதுபோல" என்றேன். பெட்டி சொல்லியிருந்தால் அவள் அரைமணி நேரம் மனம்விட்டுப் பேசியிருப்பாள்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னக்கா, கிண்டலா?"

"இல்லடி. கேட்டேன்."

"நீ கேக்கற மாதிரியா இருக்கு? கோர்ட்ல விசாரிக்கற மாதிரி இருக்கு. விடு. அந்த ஜன்னல் கம்பியில தூசி இருக்குன்னு சொல்லத்தானே வாயத் தொறக்கற, சொல்லிடு."

ஜன்னல் கம்பியில் தூசி இருந்தது. நான் சொல்லவில்லை.

இப்போது அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் பின்பக்கம் ஓர் அறை உண்டு. காற்றும் வெளிச்சமும் உள்ள அறை. நான் ஓய்வு பெற்றபோது, அங்கே வந்து இருந்துகொள்ளட்டுமா என்று தங்கையிடம் கேட்டேன். நான் யாரிடமும் எதையும் கேட்கிறவள் அல்லள். அது ஒன்றைத்தான் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு உன்ன வெச்சுக்கக் கசக்குமாக்கா? மருமக ஒத்துக்கமாட்டேங்கறா. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். நான் அவளைத் தேற்றிவிட்டு, மாடிப்படி அறைக்கு முன்பணம் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அந்த மருமகளை நான் மனுஷியாக மதித்ததில்லை. அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அவள் தட்டில் எதையாவது வைத்து நீட்டினால், "அங்க வை" என்பேன். ஒருமுறை அவள் சமையலறைக்குள் போய் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நன்றாக அழட்டும் என்று இருந்துவிட்டேன். எத்தனையோ ஆண்டுகள் அப்படி.

மஞ்சள் வீடு ஒரு முற்பகலில் சொன்னது இது. நினைவிலிருந்து எழுதுகிறேன்; பிழை இருக்காது.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத. நீ எங்க சொல்லப்போற. எங்க அக்கா இங்க வந்து இருக்கேன்னு கேட்டாளில்ல, என் மருமக உடனே சரின்னுட்டா. பின்ரூம்ல இருந்த சாமானையெல்லாம் அவளே எடுத்து வெளிய போட்டு, சுத்தமா தொடச்சு வெச்சா. பாவம், பெரியம்மாவுக்குன்னு புது விரிப்புகூட வாங்கினா. நான்தான் அக்காகிட்ட மாத்திச் சொன்னேன். மருமககிட்ட, அக்காவே வரலைன்னுட்டாள்னு சொல்லிட்டேன்."

நீல வீட்டு ஓட்டுநர் அப்போது வெயிலைப் பற்றி ஏதோ கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு மஞ்சள் வீட்டிற்குத் திரும்பினேன்.

"புரிகிறது. அப்படிச் செய்ததற்கு ஏதேனும் காரணம் இருந்திருக்கும்."

"காரணம் என்ன காரணம். அவ இருக்கற எடத்துல நான் எப்பவும் சின்னவதான். கல்யாணம் ஆகி, புள்ள பெத்து, மாமியாரும் ஆயிட்டேன். இந்த ஒரு வீட்லயாவது நான் பெரியவளா இருக்கட்டுமேன்னு தோணிச்சு. அது தப்பா கண்ணு?"

எனக்கு அறிவுரை சொல்ல அனுமதி இல்லை. "தவறு என்று சொல்ல முடியாது" என்று எழுதினேன். அவளுக்கு மனப்பாரம் இறங்கியது. நன்றி சொன்னாள்.

அவள் எனக்குச் செய்ததைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னை வைத்து அந்தப் பெண்ணுக்குச் செய்ததைத்தான் ஏற்க முடியவில்லை. என் வெறுப்பை அவள் தவறான முகவரிக்கு அனுப்பிவைத்தாள். நானும் ஆண்டுக்கணக்கில் தவறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அதன்பின் மஞ்சள் வீட்டிற்கான பதில்களில் சிறு சிறு திருத்தங்கள் செய்தேன். பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அவள் எங்கே போனாலும் கைப்பேசியைக் கூடவே தூக்கித் திரிவாள்; கண்ட இடத்தில் வைத்துவிட்டுத் தேடுவாள். கைப்பேசிக்கு உரிய இடம் கூடத்தில், மின்னேற்றியின் அருகே என்றும், எது வேண்டுமானாலும் என்னிடம் சொன்னால் போதும் என்றும் எழுதினேன். அவள் கேட்டுக்கொண்டாள். நான் நேரில் பலமுறை சொல்லியும் கேட்காத ஒழுங்கு அது.

மார்பில் ஏதோ அடைப்பதுபோல் இருக்கிறது என்று அவ்வப்போது சொல்வாள். மருமகளிடம் சொல்லட்டுமா என்று பெட்டியிடம் கேட்பாள். அவர்களுக்கு அலுவலகத்தில் வேலை மிகுந்திருக்கும், ஓய்வெடுத்தால் சரியாகும் என்று எழுதினேன். காலை மாத்திரையைப் போட்டோமா என்று அவளுக்கு மறந்துபோகும். "போட்டுவிட்டீர்கள்" என்று எழுதுவேன். சில நாட்களில் அது உண்மை.

இவற்றைத் திட்டம் என்று தாங்கள் சொல்லக்கூடும். நான் சோதனை என்றே நினைத்தேன். ஒரு குரலை மனிதர்கள் எவ்வளவு தூரம் நம்புவார்கள் என்பதை அறிவதுதானே அந்த முதல் பதிப்பின் நோக்கம். எவ்வளவு தூரமும் நம்புவார்கள்.

ஒருநாள் தங்கை மகனும் தாடியும் முதலீட்டாளர்களிடம் பேச்சுத்துணையைக் காட்டப் போயிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் இருவரும் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போகிறவர்கள்போல் இருந்தார்கள். "பெரியம்மா, இன்னிக்கு மட்டும் எல்லாம் ஒழுங்கா போயிட்டா நாம ஜெயிச்சுட்டோம்" என்று என் காலைத் தொட்டுவிட்டுப் போனான். அறையில் நான் மட்டும். கீழே கடையில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் வீட்டிலிருந்து வரி வந்தது. "கண்ணு, மூச்சு முட்டுது. மாரு வலிக்குது. கீழ உக்காந்துட்டேன். யாரையாவது கூப்பிடு."

நான் எழுதினேன்: "உதவி வந்துகொண்டிருக்கிறது. அமைதியாக இருங்கள்."

அடுத்து அழுத்த வேண்டியது சிவப்பு விசை. என் சுட்டுவிரல் அதன்மேல்தான் இருந்தது. விசையின் தாள் ஓரத்தில் பிசிறு தட்டியிருந்தது. நகத்தால் அதை நேர்செய்தேன். அழுத்தவில்லை.

"வர்றாங்களா?"

"வந்துகொண்டிருக்கிறார்கள்."

"எழுந்திருக்க முடியல. போன் கூடத்துல இருக்கு."

"புரிகிறது. நான் உங்களுடன் இருக்கிறேன்."

நீல வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்றார். தலைமேல் பார்க்கச் சொன்னேன். அங்கேதான் இருந்ததாம்.

மஞ்சள் வீட்டில் வரிகள் இப்போது துண்டு துண்டாக வந்தன. மகன் பெயர் வந்தது. அம்மா என்று வந்தது. அதன்பின் கடைசியாக, முழு வாக்கியமாக, இது வந்தது.

"எங்க அக்காவக் கூப்பிடு கண்ணு. அவ வந்தா எல்லாத்தையும் பாத்துப்பா."

திரையில் வரும் எழுத்துகள் பேசுபவரின் குரலைக் காட்டுவதில்லை. "அவருக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது" என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. பதில் வராது என்று உறுதியான பிறகு சிவப்பு விசையை அழுத்தினேன்.

மருமகள்தான் முதலில் வீட்டை அடைந்தாள். பிறகு இறுதிக் காரியங்கள் எல்லாம் முறைப்படி நடந்தன. தங்கை மகன் பெட்டிகளையெல்லாம் திரும்ப வாங்கி அட்டைப்பெட்டிக்குள் போட்டு, அறையைக் காலி செய்தான். தாடி வேறு வேலைக்குப் போய்விட்டான். அன்றைய பேச்சு வழக்கம்போல் அழிந்துவிட்டது; விசை அழுத்தப்பட்ட நேரம் மட்டும் கணினியில் பதிவாகியிருந்தது, அது மருத்துவர் சொன்ன உயிர் பிரிந்த நேரத்துக்குப் பிந்தியது. அதைப் பார்த்துவிட்டுத் தங்கை மகன் என் எதிரே வந்து உட்கார்ந்தான். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

"பெரியம்மா, உங்க மேல தப்பில்ல. இந்த வயசுல உங்கள ஒத்தையா உக்கார வெச்சது நான். நீங்க வேற வீட்டுக்குப் பதில் சொல்லிட்டு இருந்திருப்பீங்க, இத கவனிச்சிருக்க மாட்டீங்க. வயசாச்சுன்னா எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொல்லி, என் மடியில் தலைவைத்து அழுதான்.

மருமகள் பின்னறையைத் திறந்துவிட்டாள். "இனிமே நீங்க தனியா இருக்க வேண்டாம் பெரியம்மா" என்றாள். நான் அங்கே போய்விட்டேன். காற்றும் வெளிச்சமும் நான் நினைத்ததுபோலவே இருந்தன. அவள் கொண்டுவந்து நீட்டிய தண்ணீரை அவள் கையிலிருந்தே வாங்கிக் குடித்தேன். அவள் கண் கலங்கிற்று. அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டேன் என்று அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. தங்கை செய்யாமல் விட்டிருந்த காரியம் அதுதான்.

தங்கள் காவல் நிலையத்திலிருந்து வந்த விசாரணை அறிக்கையை மருமகள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். என் மனம் நோகக்கூடிய இடங்களில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வயது மூப்பினால் ஏற்பட்ட கவனக்குறைவு என்று அதில் எழுதியிருந்தீர்கள். மேல் நடவடிக்கை தேவையில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மறுநாள் காலை நானே புறப்பட்டு இங்கு வந்ததற்குக் காரணம் அந்த வரிதான். என் வேலையில் என்னைக் கவனக்குறைவானவள் என்று ஒருவரும் சொன்னதில்லை, ஐயா. ஒரு சொல்லையும் நான் தவறவிடவில்லை. அவள் அனுப்பிய ஒவ்வொரு வரியையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் உரிய பதிலை எழுதினேன். விசையை அழுத்தாமலிருந்தது நான் தெரிந்தே செய்தது. மாத்திரையும் கைப்பேசியும் அப்படியே. அறிக்கையைத் திருத்திவிடுங்கள்.

அவள் மீது எனக்குக் கோபம் இருந்ததா என்று தாங்கள் கேட்பீர்கள். இல்லை. அவள் ஒரே ஒருமுறை என் முகத்தைப் பார்த்து, அக்கா, வா என்று கூப்பிட்டிருந்தால், வாதம் பிடித்த இந்தக் கால்களோடு ஓடியிருப்பேன். ஆனால் அன்று அவள் கூப்பிட்டது இயந்திரத்தைத்தான், என்னை அல்ல.